நாலாவது அறை

எலியின் இதயம் ஒரு நிலக்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும். பன்னிரண்டு வருடமாக அதை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. பார்த்துப் பார்த்து என் கண்ணாடியின் பவர் மூன்று முறை ஏறியது. ஒரு மருந்தும் வந்தது.

இருட்டியதும் நம் மூளைக்குள் ஒரு சின்னஞ்சிறு சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. தூக்கத்துக்கானது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. கதிர்வீச்சு பட்ட செல்லுக்குள் கிளம்புகிற நச்சுத் துணுக்குகளைத் துரத்திப் பிடித்து அடக்கும். அவற்றைச் சும்மா விட்டால் இதயத் தசையில் நாளடைவில் வடு விழுந்து விறைத்துப்போகும். மெலடோனினைக் கொஞ்சம் மாற்றி, இதயத்தில் நெடுநேரம் தங்கும்படி செய்தால் வடு விழாமல் தடுக்கலாமா? இதுதான் என் கேள்வி. தடுக்கலாம் என்றன என் எலிகள்.

மூன்று அறைகளில் எலிகளை வைத்திருந்தேன். முதல் அறைக்குக் கதிரும் இல்லை, மருந்தும் இல்லை. இரண்டாம் அறைக்குக் கதிர் மட்டும். மூன்றாம் அறைக்குக் கதிரும் மருந்தும். நான்கு மாத முடிவில் இரண்டாம் அறை இதயங்கள் வடுவேறிக் கிடந்தன. மூன்றாம் அறை இதயங்களையும் முதல் அறை இதயங்களையும் கலந்து வைத்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மருந்துக் கம்பெனிக்காரர்கள் குதித்தார்கள். நானும் குதித்தேன், ஐம்பத்தாறு வயதுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

மாத்திரைக்கு நிசி என்று பெயர் வைத்தார்கள். நாடு முழுக்கப் பழைய அணு உலைகளைப் பிரித்துப்போடுகிற காலம் இது. அந்த வேலைக்குப் போகிறவர்கள் உடம்பில் வருடத்துக்கு இருபது அலகுக்கு மேல் கதிர் படக் கூடாது என்பது சட்டம். நிசி சாப்பிடுகிறவர்களுக்கு நாற்பது வரை அனுமதிக்கலாம் என்று கம்பெனி கேட்டது. பாதி ஆட்களை வைத்தே வேலை முடியும் அல்லவா. முத்தரசன்பட்டினத்து உலையில் இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் முப்பத்தொரு பேருக்குச் சோதனை அனுமதி கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் பாதுகாப்புக் குழு கூடும். நான் கையெழுத்துப் போட்ட அறிக்கையைப் பார்த்து, நாடு முழுவதற்கும் நாற்பது என்று அறிவிக்கும்.

அந்த முப்பத்தொரு பேரில் ஒருத்தியை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். சுடலைவடிவு. எங்கள் எலி வீட்டைப் பத்தொன்பது வருடமாகப் பராமரிக்கும் இசக்கியம்மாளின் மகள். உலைக்குள் கதிரேறிய இரும்பை அறுக்கிற எந்திரக் கையை ஓட்டுகிற ஒரே பெண்.

“மொதல்ல பயந்தா டாக்டரம்மா,” என்று இசக்கியம்மாள் ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். “நான்தான் தைரியம் சொன்னேன். நம்ம புள்ளைய குடிச்ச மருந்துல்லா, என் கையாலதான தண்ணியில கலக்கிக் குடுத்தேன், ஒண்ணும் ஆவாதுட்டின்னு. இப்ப தெனமும் போட்டுட்டுப் போறா.”

எலிகளை அவர் பிள்ளைகள் என்றுதான் சொல்லுவார்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கம்பெனியிலிருந்து கௌசிக் கூப்பிட்டார். எப்போதும் சிரித்தபடி பேசுகிற பையன். அன்று சிரிக்கவில்லை.

“மேடம், வடக்கே ஒரு லேப்ல உங்க சோதனைய அப்படியே திரும்பச் செஞ்சிருக்காங்க. ரிசல்ட் வந்திருச்சு.”

“மருந்து வேலை செய்யலையா?”

“மருந்து குடுத்த எலிங்க நல்லாத்தான் இருக்கு. குடுக்காத எலிங்களும் கிட்டத்தட்ட அதே அளவு நல்லா இருக்கு. அதான் மேடம் பிரச்சினை. உங்க ரெண்டாம் ரூம் எலிங்க மட்டும் ஏன் அவ்வளவு மோசமாச்சு?”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்களுக்குக் கதிர்க் கருவியை ஒழுங்காக அளக்கத் தெரியவில்லை என்று இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். அனுப்புவதற்கு முன் ஒரு நாள் ஆறப்போட்டேன். அந்த ஒரு நாளில் கோபம் போய், ஏன் என்ற குடைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. அது வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

தீவன மூட்டைகளின் ரசீதைத் தேடினேன். மூன்று அறைக்கும் ஒரே தீவனம். எலிகளின் வம்சாவளியைப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுவிட்ட சகோதரர்கள். கருவியை மறுபடி அளந்தேன். தண்ணீரைச் சோதித்தேன். ஒரு வாரம் ஓடிவிட்டது. கடைசியில், யாரும் திறந்தே பார்த்திராத ஒரு கோப்பைத் திறந்தேன். ஏசி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒவ்வோர் அறையிலும் வெப்பநிலையைப் பதிகிற சின்னக் கருவி மாட்டியிருந்தோம். அதன் கணக்கு.

எலி வீட்டில் ஜன்னல் கிடையாது. காலை ஆறுக்கு விளக்கு தானாக எரியும், மாலை ஆறுக்குத் தானாக அணையும். அணைந்ததும் அறையின் சூடு அரை டிகிரி இறங்கும், விளக்கு எரிந்ததும் ஏறும். முதல் அறையின் கோடு நான்கு மாதமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் அறையும் அப்படியே. இரண்டாம் அறையின் கோடு பதினோரு நாள் ஏறி இறங்கியது. பன்னிரண்டாம் நாளிலிருந்து கடைசி நாள் வரை இறங்கவே இல்லை.

அந்த அறையில் இருட்டே இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அதை எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் என்ன நடந்தது? பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். இசக்கியம்மாளின் குண்டு குண்டான எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அன்றுதான் இரண்டாம் அறையில் முதல் எலி செத்திருந்தது.

அவர் கழுவும் அறையில் தண்ணீர்க் குப்பிகளை அலசிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“இசக்கியம்மா, கதிர் குடுத்தோமே, அப்ப ரெண்டாம் ரூம்ல ராத்திரி லைட்டு எரிஞ்சுதா?”

“எரிஞ்சுது.” ஒளிவு மறைவே இல்லை. “நான்தான் போட்டேன்.”

“எதுக்கு?”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதையெல்லாமா கேட்பார்கள் என்கிற பார்வை. “செத்த எடத்துல வெளக்கு எரியணும்லா, டாக்டரம்மா. பதினாறு நாளு எரியணும். நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரவிய, ஒங்களுக்குத் தெரியாது. எண்ண வெளக்கு, சூடம் ஒண்ணும் உள்ள கொண்டாரக் கூடாதுன்னு நீங்கதான் போர்டு எழுதி வச்சிருக்கிய. அதான் தரை கழுவுததுக்குன்னு தனியா ஒரு சுச்சு இருக்குல்லா, அதப் போட்டு விட்டேன்.”

“பதினாறு நாள் ஆனதும் அணைச்சிருக்கலாமே?”

“எங்கன அணைக்க? பதினாறு முடியங்குள்ள அடுத்தது போச்சு. அதுக்குப் பதினாறு முடியங்குள்ள இன்னொண்ணு. மொத்தம் பதினாலு புள்ளைய போச்சு அந்த ரூம்புல.”

“மத்த ரெண்டு ரூம்?”

“அங்க சாவே விழலியே.”

குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை மூடினேன். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடப் படிப்பில், எலிக்குத் துக்கம் காக்க ஓர் ஆள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விளக்கைத் தொடாதீர்கள் என்று விதிகளில் ஒரு வரி எழுதியிருந்தால் அவர் தொட்டிருக்க மாட்டார். எண்ணெய் விளக்குக்கு வரி எழுதினேன், இதற்கு எழுதவில்லை.

“அதுல எதுவும் தப்பாயிட்டா?” என்றார். கை நின்றுவிட்டது.

சொல்லாமல் இருக்க முடியாது. “அந்த மருந்து இருக்குல்ல, அதே மாதிரி ஒண்ணு இருட்டுல உடம்புக்குள்ள தானா ஊறும். எலிக்கும் ஊறும், நமக்கும் ஊறும். வெளிச்சம் பட்டா நின்னு போயிரும். ரெண்டாம் ரூம் எலிக்கு விடிய விடிய வெளிச்சம். அதனால சொந்த மருந்து ஊறல. பட்ட கதிரத் தாங்க முடியல. வடக்கே லேப்ல ஒழுங்கா லைட்ட அணைச்சிருக்காங்க. அங்க மருந்து குடுக்காத எலியும் முக்கால்வாசி தப்பிச்சிருச்சு.”

“அப்ப நான் வெளக்கு வச்சுதான் அதுவ செத்துச்சா?”

“கொஞ்சம் கதிரால. கொஞ்சம் வெளிச்சத்தால.”

அவர் ஈரக் கையோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எதையோ கூட்டிக் கழிப்பது மாதிரி விரல்களை மடக்கி எண்ணினார்.

“எம்மவ ராவெல்லாம் வேல பாக்கா. உள்ள பட்டப்பகல் மாதிரி லைட்டு போட்டிருப்பானுவன்னு சொல்லுவா. ஊசி விழுந்தாத் தெரியுமாம்.” நிமிர்ந்தார். “அப்ப எம்மவ எந்த ரூம்பு, டாக்டரம்மா?”

கேள்வி அவ்வளவு சரியாக இருந்தது. எந்தக் குழுவிலும் எந்த நிபுணரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. முதல் அறை இல்லை, அவளுக்குக் கதிர் படுகிறது. இரண்டாம் அறை இல்லை, அவள் மாத்திரை போடுகிறாள். மூன்றாம் அறையும் இல்லை, அங்கே எலிகளுக்கு ராத்திரி இருட்டு இருந்தது. கதிர், மருந்து, விடிய விடிய வெளிச்சம். மூன்றும் சேர்ந்த அறை எங்களிடம் இல்லவே இல்லை. வெளிச்சம் பறித்துக்கொண்ட உடம்பின் சொந்தக் காவலை மாத்திரை திருப்பிக் கொடுக்கிறதா? அதற்கு மேலும் ஏதாவது கொடுக்கிறதா? திருப்பி மட்டும்தான் கொடுக்கிறது என்றால் அவளுக்கு இருப்பது சாதாரண ஆளின் காவல்தான், நாற்பது அலகு என்பது சுத்த அநியாயம்.

“நாலாவதா ஒரு ரூம் இருந்திருக்கணும்,” என்றேன். “நான் வைக்கல.”

“அதுல எம்மவள வச்சிட்டியளாக்கும்,” என்றார் இசக்கியம்மாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கௌசிக்கிடம் சொன்னபோது அவர் வேகமாக யோசித்தார். அது அவர் தொழில்.

“மேடம், மருந்து தப்பு இல்லையே. ‘பராமரிப்புப் பணியாளர் விதியை மீறினார்’னு ஒரு வரி போட்டுடலாம். அந்தம்மாவ வேற செக்சனுக்கு மாத்திட்டா முடிஞ்சுது. நாற்பதுக்கு வேற ஆதாரம் பிறகு தேடிக்கலாம்.”

“அவங்க மீறுன விதி எது, சொல்லுங்க பாப்போம்? நான் எழுதவே இல்லாத விதியை அவங்க எப்படி மீற முடியும்?”

பாதுகாப்புக் குழுவின் கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பன்னிரண்டு வருட வேலையைப் பன்னிரண்டு நிமிடத்தில் கலைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. நாற்பது கிடையாது என்று முடிவானது. முத்தரசன்பட்டினத்துச் சோதனை அனுமதியும் அன்றே ரத்து. கடைசியில் ஓர் உறுப்பினர் மட்டும், “அப்படியானால் இரவு ஷிப்டுக்காரர்களுக்கு இப்போதிருக்கிற இருபதே அதிகமோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் குறித்துக்கொண்டார்கள்.

நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். பதினோரு நாள் கழித்து வடிவு வந்தாள்.

ஆய்வகத்துக் கதவைத் தட்டாமல் திறந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். அம்மாவின் அதே அகலமான நெற்றி. பின்னாலேயே இசக்கியம்மாள் ஓடிவந்தார்.

“நீங்கதான எஸ்தர் டாக்டர்?”

“நான்தான். உக்காரு வடிவு.”

“உக்கார வரல. எட்டு மாசத்துல எனக்கு முப்பத்தி ஒண்ணு அலகு ஏறியிருக்கு. பழைய கணக்குப்படி இருபதுதான். அதத் தாண்டிட்டியாம், உள்ள கால வைக்கக் கூடாதாம். பாஸ வாங்கிட்டானுவ. எங்க செட்டுல முப்பத்தோரு பேரும் வெளிய நிக்கோம். அந்த எந்திரக் கையப் புடிக்க ரெண்டு வருசம் படிச்சேன் நான். இப்ப எவனோ ஒருத்தன் அத வச்சுத் தகரத்த அறுக்க மாதிரி அறுத்துக்கிட்டிருக்கான்.”

“ஏட்டி, மரியாதையாப் பேசு,” என்றார் இசக்கியம்மாள்.

“நீ சும்மா இரு. எலிக்கு எழவு காத்தியே, எனக்குச் சேத்துக் காத்துட்ட.” என் பக்கம் திரும்பினாள். “என் இதயத்தப் பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் கொண்டுபோயி நீட்டுதேன்.”

நான் எலிகளிடம் வருவதற்கு முன் மனித இதயத்துக்கு டாக்டர். பக்கத்துக் கட்டடத்தில், இதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோ கருவி இருந்தது. அங்கே அழைத்துப்போனேன். தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் அவள் உடை மாற்றப் போனபோது இசக்கியம்மாள் என்னை வராந்தாவுக்கு இழுத்தார்.

“டாக்டரம்மா, ஒங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அவளுக்கு ஒரு கொறை இருக்குன்னு எழுதிருங்க.”

“ஒண்ணும் இல்லைன்னா?”

“ஒண்ணும் இல்லைன்னாத்தான் எழுதணும். நல்லா இருக்குன்னு எழுதுனியன்னா நாளைக்கே உள்ள போயிருவா. நான் சொன்னாக் கேக்க மாட்டா. ஒங்க பேப்பரக் கேப்பா.”

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வரி போதும். ஒரு தாய் நிம்மதியாகிவிடுவாள், மகளும் பத்திரமாக வீட்டில் இருப்பாள், என் மனசும் கொஞ்சம் ஆறும். ஆனால் நான் சரி என்று எழுதிக்கொடுத்த பேப்பரை நம்பித்தானே அவள் எட்டு மாதம் உள்ளே போனாள். இன்னொரு பொய்ப் பேப்பரை அவள் கையில் கொடுக்க என்னால் முடியவில்லை. திரும்பி உள்ளே போனேன்.

ஜெல் சில்லென்று இருந்திருக்க வேண்டும், வடிவு ஒரு தடவை சிலிர்த்தாள். திரையில் அவள் இதயம் வந்தது. பல வருடம் நிலக்கடலைகளையே பார்த்த கண்ணுக்கு அது பெரிதாக, அழகாக இருந்தது. நான்கு அறைகளும் வால்வுகளும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக அளந்தேன். இருபது நிமிடம் ஆனது.

“சொல்லுங்க,” என்றாள்.

“இன்னிக்கு நல்லா இருக்கு.”

இசக்கியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். வடிவு அதை வாங்கி வாய்விட்டுப் படித்தாள்.

“‘இன்றைய தேதியில் குறை எதுவும் தெரியவில்லை. கதிரின் பாதிப்பு வெளியே தெரியப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.’ இதென்னது? இருக்குங்கியளா, இல்லைங்கியளா?”

“தெரியாதுன்னு சொல்றேன். எலிக்கு நாலு மாசத்துல தெரிஞ்சிரும். மனுசங்களுக்கு வருசக்கணக்கு ஆகும்.”

“இதக் காட்டுனா உள்ள விடுவானுவளா?”

“விட மாட்டாங்க.”

பேப்பரை நான்காக மடித்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். கைப்பைக்குள் வைத்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன் ஓரத்தில் எனக்கு நன்றாகப் பழக்கமான அந்தக் குடைச்சல் எட்டிப் பார்த்தது.

“பதினஞ்சு வருசமும் நீங்க பாப்பியளா?”

“எனக்கு இன்னும் ரெண்டு வருசம்தான் சர்வீஸ்.”

“அதுக்கப்புறம் எங்க முப்பத்தோரு பேரையும் யாரு பாக்கது?”

ஒரே நாளில் இரண்டாம் தடவை தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். அந்த முப்பத்தொரு பேருக்கு ஒரு கோப்புகூடக் கிடையாது. சோதனை ரத்தானதோடு அவர்கள் பெயர்களும் பட்டியலிலிருந்து போயிருந்தன.

வடிவு கைப்பையைக் கீழே வைத்தாள். பிறகு கட்டிலில் ஏறி மறுபடி படுத்து, அந்தக் கருவியின் முனையை என் கையிலிருந்து வாங்கித் தானே நெஞ்சில் வைத்தாள்.

“வந்தா எங்க வரும்? காட்டுங்க.”

திரையை அவள் பக்கம் திருப்பினேன். முதலில் அழுத்திவிட்டாள், படம் கலைந்தது. கொஞ்சம் தளர்த்தி, சாய்த்து, தேடினாள். எந்திரக் கை பிடித்த கை அல்லவா, மூன்றாம் முயற்சியில் இதயம் முழுதாக வந்து நின்றது.

“இந்தச் சுவர்,” என்று விரல் வைத்துக் காட்டினேன். “இப்ப நல்லா மடங்கி விரியுதுல்ல? வடு விழுந்தா இது மடங்காது. பக்கத்துல இருக்கறதவிடப் பளிச்சுன்னு தெரியும்.”

“இப்ப அப்படி இல்ல.”

“இப்ப இல்ல.”

அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மற்ற முப்பது பேரின் போன் நம்பரும் தன்னிடம் இருக்கிறது என்றாள். நாளைக்கு ஐந்து பேரைக் கூட்டி வருவதாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன். கதவோரம் நின்ற இசக்கியம்மாளை அவள் திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டாள்.

“எம்மா, எலியத்தான் பாப்பியா? வந்து என் இதயத்தயும் பாரு.”

இசக்கியம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். மகளின் கால்மாட்டில் உட்கார்ந்து, எந்தச் சுவர் என்று என்னிடம் கேட்டார்.